பாலும் ரப்பரும்

(மலேசியாவின் சுங்கை சிப்புட்டில், பல்கலைக்கழகம் புறப்படும் மாணவர்களைப் பாராட்டி ஆலய மண்டபத்தில் நடந்த கூட்டத்தில் பேசியது. கைத்தட்டலை விட்டுவிட்டு மற்றதை எழுதியிருக்கிறேன்.)

ஆலயத் தலைவர் அவர்களே, ஈப்போவில் இன்னொரு நிகழ்ச்சி இருந்தும் நமக்காக முன்வரிசையில் அமர்ந்திருக்கும் டத்தோ அவர்களே, தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியர் அவர்களே, பெற்றோர் ஆசிரியர் சங்கத் தலைவர் அவர்களே, மகளிர் பிரிவுத் தலைவி அவர்களே, காலையிலிருந்து நாற்காலி அடுக்கிய இளைஞர்களே, பொன்னாடை போர்த்தப்பட்டும் போர்த்தப்படாமலும் இருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே, இன்றைய நாயகர்களான மாணவச் செல்வங்களே, வணக்கம். யார் பெயராவது விட்டுப்போயிருந்தால் மன்னிக்க வேண்டும். போன வருஷம் ஒருவரை விட்டுவிட்டேன். எட்டு மாதம் அவர் என்னோடு பேசவில்லை.

எனக்குக் கொடுத்த தலைப்பு 'ஆங்கிலவழிப் பல்கலைக்கழகப் பாடங்களில் துறைசார் கல்விமொழி'. அழைப்பிதழில் அதற்கே இரண்டு வரி ஆகிவிட்டது. மூன்று விஷயம் சொல்லப்போகிறேன். ஆங்கிலம் தெரிவது வேறு, துறையின் ஆங்கிலம் தெரிவது வேறு, இது முதலாவது. அதைச் சொல்லிக்கொடுக்க வேண்டியது மொழி ஆசிரியரா, பாட விரிவுரையாளரா, இது இரண்டாவது. தமிழ்ப்பள்ளியில் படித்த பிள்ளைக்கு அந்தத் தமிழ் அங்கே எப்படிக் கைகொடுக்கும் என்பது மூன்றாவது.

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள். இருபத்தெட்டு ஆண்டு பாலிடெக்னிக்கில் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தபோது இதைச் சொல்லிச் சொல்லியே, மாணவர்கள் எனக்கு 'அளந்து போடு சார்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். நேரே சொல்லமாட்டார்கள். கழிவறைக் கதவில் எழுதியிருந்தது.

சரி, ஒரு கதை சொல்கிறேன். கதையில்லை, எங்கள் வீட்டில் நடந்தது.

என் அண்ணன் மகள் ஒரு பல்கலைக்கழகத்தில் உயிரியல் தொழில்நுட்பம் படிக்கிறாள். கெட்டிக்காரப் பிள்ளை. முவெட் என்ற ஆங்கிலத் தேர்வில் நல்ல பேண்டு, அதாவது நல்ல தரநிலை. ஆங்கிலத்தில் போனில் பேச ஆரம்பித்தால் மேகி மீ வெந்து குழைந்து கஞ்சியாகும் வரை பேசுவாள். முதல் செமஸ்டரில் ஆய்வக அறிக்கை எழுதிக் கொடுத்தாள், ஒன்பது பக்கம். திரும்பி வந்தபோது முதல் பக்கத்திலேயே சிவப்பு மையில் 'ஸோ வாட்' என்று இரண்டே வார்த்தை. ஒன்பது பக்கத்துக்கும் சேர்த்து அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமை ராத்திரி பஸ்ஸில் வந்து இறங்கினாள். வந்ததும் அழுகை. அண்ணன் லாரி ஓட்டுகிறவர், ஆங்கிலம் கொஞ்சம்தான். 'ஸோ வாட்' என்றால் 'அதனால் என்ன' என்று யாரோ சொல்ல, "அதனால் என்னன்னா பரவாயில்லன்னுதானே அர்த்தம்? வாத்தியார் நல்லாத்தானே சொல்லியிருக்காரு?" என்கிறார். அண்ணி ஒரு பக்கம் முருகனுக்குத் தேங்காய் நேர்ந்துகொள்கிறார். பக்கத்து வீட்டு அக்கா, பிள்ளையைப் பல்கலைக்கழகத்திலிருந்து நிறுத்திவிட்டார்கள் என்றே முடிவு செய்து, ஆறுதல் சொல்ல ஒரு பாத்திரம் பாயசத்தோடு வந்துவிட்டார். துக்க வீட்டுக்குப் பாயசம்! அதையும் சாப்பிட்டோம்.

மூலையில் என் அம்மா உட்கார்ந்திருந்தார். வயது எண்பத்து மூன்று. நாற்பது வருஷம் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவர். பேத்தியைக் கூப்பிட்டு, "என்னதான் எழுதினே, சொல்லு" என்றார். அவளும் சொன்னாள். நாங்கள் மிகவும் கவனமாகச் செய்தோம், முதலில் இது, பிறகு அது, சோதனை மிகவும் பயனுள்ளதாக இருந்தது, இப்படியே ஒன்பது பக்கம். அம்மா கேட்டுவிட்டு ஒரே கேள்விதான் கேட்டார்: "பால்ல தண்ணி ஊத்திட்டியா?"

இங்கே சிரிக்கிறவர்களுக்கெல்லாம் ஐம்பது வயதுக்கு மேல் என்று தெரிகிறது. பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். விடியுமுன் பிரட்டில், அதாவது ஆள் கணக்கெடுப்பில், பெயர் கொடுத்து, நிரை என்ற மர வரிசையைப் பிடித்து வெட்டி, மங்கு என்ற கிண்ணங்களிலிருந்து பாலைச் சேர்த்து, வாளியோடு ஸ்டோருக்கு வருவார்கள். அங்கே கிராணி, அதாவது கணக்குப்பிள்ளை, மெட்ரோலாக் என்ற அளவு மிதவையைப் பாலில் விடுவார். வெட்டியெடுத்த பாலில் முப்பதிலிருந்து நாற்பது விழுக்காடுதான் ரப்பர், மீதி பெரும்பாலும் தண்ணீர். கூலிக் கணக்கு அந்தக் காய்ந்த ரப்பருக்குத்தான். வாளி நிறைய வேண்டும் என்று யாராவது வாய்க்கால் தண்ணீரைச் சேர்த்தால் மெட்ரோலாக் காட்டிக்கொடுத்துவிடும். அண்ணன் மகளின் அறிக்கையில் பால் ஒன்பது வாளி. விரிவுரையாளர் தேடியது ரப்பரை. இந்த எண் எவ்வளவு வந்தது, ஏன் எதிர்பார்த்ததைவிடக் குறைந்தது, அதை வைத்து எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக்கூடாது. அளந்து போடு!

ஆனாலும் அந்த விரிவுரையாளர் மேல் எனக்குக் கோபம் உண்டு. மெட்ரோலாக்கை எப்படிப் படிப்பது என்று சொல்லிக்கொடுக்காமல் கூலியை மட்டும் வெட்டினால் எப்படி?

இதில் ஒரு சிக்கல், ஒவ்வொரு துறைக்கும் மெட்ரோலாக் வேறு. இயற்பியலில் 'வொர்க்' என்றால் விசையும் அந்தத் திசையில் நகர்ந்த தூரமும் பெருக்கியது. பால் வாளியைத் தூக்கிக்கொண்டு ஒரு மணி நேரம் அசையாமல் நின்றால் வாளி மேல் நீங்கள் செய்த வேலை சுழியம். இதை என் அம்மாவிடம் சொல்லிப்பாருங்கள், வாளி உங்கள் மேல் வரும். சட்டம் படிக்கப்போகிற பிள்ளைக்கு 'கன்சிடரேஷன்' என்றால் கரிசனம் இல்லை; ஒப்பந்தத்தில் ஒருவர் தருவதற்கு ஈடாக மற்றவர் தருவது. நுண்ணுயிரியலில் 'கல்ச்சர்' தட்டில் வளரும், மேடையில் ஆடாது. எழுதும் முறையும் அப்படித்தான். ஆய்வக அறிக்கையில் 'நான்' என்று எழுதினால் பல இடங்களில் சிவப்பு மை; தாதிமைப் படிப்பில் வார்டு அனுபவத்தை எழுதச் சொன்னால் 'நான்' இல்லாமல் எழுதவே முடியாது. சட்ட மாணவர் பிரச்சினை, விதி, பொருத்திப் பார்த்தல், முடிவு என்று வரிசையாகப் போக வேண்டும். வரலாற்று மாணவர் அப்படி எழுதினால் வாதம் எங்கே என்று கேட்பார்கள்.

கனடாவில் ஜிம் கம்மின்ஸ் என்ற அறிஞர் 1979-லேயே பேச்சுமொழி வேறு, கல்விமொழி வேறு என்று பிரித்துக் காட்டினார். புது மொழியில் சரளமாகப் பேச இரண்டு வருஷம் போதும், கல்விமொழி பிடிபட ஐந்திலிருந்து ஏழு வருஷம் ஆகலாம் என்பது அவர் கணக்கு. நம் பிள்ளைகளுக்குக் கிடைப்பது முதல் செமஸ்டரின் பதினான்கு வாரம். நியூசிலாந்தில் 2000-ஆம் ஆண்டு, பல துறை நூல்களிலும் திரும்பத் திரும்ப வரும் 570 சொற்குடும்பங்களைத் திரட்டிப் பட்டியல் போட்டார்கள். நல்ல பட்டியல், நானும் கொடுத்திருக்கிறேன். ஆனால் கல்வி நூல்களில் வரும் சொற்களில் பத்தில் ஒரு பங்குதான் அதில் அடங்கும். துறைக்கே உரிய சொற்களை அந்தந்தத் துறையின் புத்தகத்தில்தான் பொறுக்க வேண்டும்.

2003-இல் நம் பள்ளிகளில் கணிதமும் அறிவியலும் ஆங்கிலத்துக்கு மாறியதும், 2012-இலிருந்து படிப்படியாகத் திரும்பியதும் உங்களுக்குத் தெரியும். அந்தச் சண்டைக்குள் நான் போகவில்லை, டத்தோ இருக்கிறார். எந்த மொழியில் நடத்தினாலும் பிள்ளை உட்கார்ந்து படிக்க ஒரு இடம் வேண்டுமா இல்லையா?

அப்புறம், இந்த இடத்தில் நான் எதற்கு வருகிறேன் என்று செயலாளருக்குத் தெரியும். அதனால்தான் அவர் கடிகாரத்தைக் காட்டுகிறார். இந்த மண்டபத்துக்கு மாடியில் ஒரு அறை இருக்கிறது. ஏழு வருஷமாக அதில் பந்தல் துணியும் உடைந்த மின்விசிறியும் வாடகை இல்லாமல் குடியிருக்கின்றன. மூன்று பொதுக்கூட்டத்தில் கேட்டுவிட்டேன், நான்காவது தடவை கேட்கிறேன். அதை வாசிப்பு அறையாக்கித் தாருங்கள். எஸ்பிஎம் என்ற பள்ளி இறுதித் தேர்வை முடித்துவிட்டுக் காத்திருக்கும் மாதங்களில் பிள்ளைகள் அங்கே உட்காரட்டும். மூத்த மாணவர்கள் தங்கள் பழைய அறிக்கைகளை, சிவப்பு மையோடு, கொண்டுவந்து காட்டட்டும். நல்லதைவிடத் திருத்தியது அதிகம் சொல்லிக்கொடுக்கும். அண்ணன் மகள் ஒன்பது பக்கத்தையும் தருவதாகச் சொல்லியிருக்கிறாள்.

காசு எங்கே என்பீர்கள். இது மஇகா தலைவராக இருந்த துன் சம்பந்தன் பிறந்த ஊர். 1960-இல் தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்டபோது, அவர் தொழிலாளர்களிடம் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்துத்தான் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தோட்டத்தையே வாங்கினார்கள். நான் கேட்பது நாலு அலமாரி, ரெண்டு நீள மேசை, ஒரு மின்விசிறி. திருவிழா வாணவேடிக்கையில் கடைசிப் பத்து நிமிடத்தைக் குறைத்தாலே போதும். ஆற்றில் போட்டாலும் அளந்து போடச் சொன்னார்கள். நாம் வானத்தில் அளக்காமல் போடுகிறோம்.

இரண்டாவது, மூன்றாவது விஷயங்களுக்கு நேரமில்லை. டத்தோ எழுந்துவிட்டார். அவருக்குப் பொன்னாடை போர்த்த மகளிர் பிரிவுத் தலைவி வருகிறார், வழிவிடுங்கள். வாசலில் பொருளாளர் நோட்டோடு உட்கார்ந்திருக்கிறார். வீட்டுக்குப் பத்து வெள்ளி, ரசீது உண்டு. மாடி அறைச் சாவி யாரிடம் இருக்கிறது என்று தெரிந்தவர்கள் போகும்போது என்னிடம் சொல்லிவிட்டுப் போங்கள். வணக்கம்.