‘எழுப்பி உட்கார வைக்கலாமா?’

நேயர்களுக்கு வணக்கம்.

நெஞ்செலும்பை அறுத்துத் திறந்து, இதயத்தில் பைபாஸ் செய்து, மறுபடி கம்பியால் கட்டி மூடிய ஒருவரை மறுநாள் காலையிலேயே எழுப்பி உட்கார வைப்பது என் வேலை. இதய, நுரையீரல் பிசியோதெரபி என்று இதற்குப் பெயர். “இன்னும் தையலே காயலையே, இன்னைக்கு ஒருநாள் விட்டுடக் கூடாதா?” என்று வீட்டார் கெஞ்சுவார்கள். கழுத்தில் ஒரு குழாய், மார்பிலிருந்து இறங்கும் வடிகுழாய்கள், சிறுநீர்ப் பை, விரலில் மாட்டிய ஆக்சிமீட்டர் என்று ஒவ்வொன்றையும் சிக்காமல் எடுத்து ஒரே பக்கமாகப் போட்ட பிறகுதான் அவரைக் கட்டில் ஓரத்துக்கே கொண்டுவர முடியும்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு ஞாயிற்றுக்கிழமை. மூத்தவர்கள் யாரும் இல்லை. மானிட்டரில் நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 118, படுத்திருப்பவருக்கு அது வேகம்தான். நோயாளியைப் பார்த்தேன், மானிட்டரைப் பார்த்தேன், எழுப்பவில்லை. “நோயாளி களைப்பாக இருக்கிறார்” என்று குறிப்பேட்டில் எழுதிவிட்டு வந்தேன். அவர் ஒன்றும் அவ்வளவு களைப்பாக இல்லை. எனக்குத்தான் கை நடுங்கியது.

படிப்பில் குறையென்று சொல்ல முடியாது. படுக்கை என்ன செய்யும் என்பது பாடத்திலேயே வந்துவிடுகிறது. ஒரு காலத்தில் மாரடைப்பு வந்தவர்களை வாரக்கணக்கில் அசையாமல் படுக்க வைத்தார்கள். 1952இல் சாமுவேல் லெவின், பெர்னார்ட் லவுன் என்ற இரண்டு அமெரிக்க மருத்துவர்கள், அவர்களைச் சீக்கிரமே நாற்காலியில் உட்கார வைத்துப் பார்த்த அனுபவத்தை எழுதினார்கள். அதற்கு உடன் வேலை செய்தவர்களிடமிருந்தே கடும் எதிர்ப்பு வந்ததாக லவுன் பின்னாளில் சொல்லியிருக்கிறார். 1966இல் டல்லாஸ் நகரில், நோய் ஏதுமில்லாத இருபது வயது இளைஞர்கள் ஐந்து பேரை மூன்று வாரம் படுக்கையிலேயே வைத்து ஆராய்ந்தார்கள். ஆக்சிஜனைப் பயன்படுத்திக்கொள்ளும் அவர்களின் உச்சத் திறன் கால் பங்குக்கு மேல் குறைந்துபோனது. முப்பது ஆண்டு கழித்து அதே ஐந்து பேரைத் தேடிப்பிடித்து மறுபடி அளந்தார்கள். முப்பது வருட வயது செய்த கேட்டைவிட அந்த மூன்று வாரப் படுக்கை செய்த கேடு பெரிது!

இதெல்லாம் எனக்கு அந்த ஞாயிற்றுக்கிழமையும் தெரியும். தெரிந்து என்ன, கை வரவில்லையே.

அந்தக் கையைக் கொடுத்தது எங்கள் கூட்டம். மாதம் ஒருமுறை, இந்தத் துறையில் இருக்கும் பத்துப் பன்னிரண்டு பேர் கூடி, அவரவர் பார்த்த நோயாளிகளைப் பற்றிப் பேசுவோம். நோயாளியின் பெயர் வராது. ஆனால் நாங்கள் செய்த தவறு வந்தே ஆகவேண்டும், அதுதான் நுழைவுச்சீட்டு. நான் அந்த 118ஐச் சொன்னேன். யாரும் திட்டவில்லை. ஓர் அக்கா மட்டும் கேள்விமேல் கேள்வியாகக் கேட்டார். “எப்பவுமே 118தானா, இல்ல அன்னைக்கு ஏறினதா? தாளம் சீரா இருந்துச்சா? ரத்த அழுத்தம்? அதைத் தூக்கிப் பிடிக்கிற மருந்து எவ்வளவு ஓடிட்டிருந்தது? வலி மருந்து குடுத்து எவ்வளவு நேரம் ஆச்சு? ஆள் உன்கிட்ட முழு வாக்கியமா பேசினாரா?” கடைசிக் கேள்விக்கு மட்டும் என்னிடம் பதில் இருந்தது. பேசினார், நன்றாகவே பேசினார். மற்றதெல்லாம் பார்த்தால் தெரிந்திருக்கும், நான் பார்க்கவில்லை. 118 என்ற எண் மட்டுமே என் கண்ணை அடைத்துக்கொண்டிருந்தது. எந்தப் புத்தகமும் இப்படி வரிசையாக என்னைக் குடைந்து கேட்டதில்லை.

ஆறு நிமிட நடைச் சோதனையிலும் ஒருமுறை மாட்டிக்கொண்டேன். பார்க்க மிக எளிமையான சோதனை அது. 30 மீட்டர் நீளமுள்ள நேரான தாழ்வாரம், இரண்டு முனையிலும் ஒவ்வொரு கூம்பு, கையில் ஒரு நிறுத்துக் கடிகாரம். ஆறு நிமிடத்தில் நோயாளி எத்தனை மீட்டர் நடக்கிறார் என்று அளக்க வேண்டும். மூச்சு வாங்கினால் நின்றுகொள்ளலாம், சுவரில் சாய்ந்துகொள்ளலாம், ஆனால் கடிகாரம் நிற்காது. முதலில் இது 12 நிமிடமாக இருந்தது. மூச்சுத் திணறுகிறவர்களுக்கு அது பெரும்பாடு. 1982இல் பிரிட்டனில் ஒரு குழு இரண்டு, ஆறு, பன்னிரண்டு நிமிட நடைகளை ஒப்பிட்டுப் பார்த்து, குறைந்த நேரமும் போதும் என்று காட்டிய பிறகு ஆறு நிமிடம் நிலைத்தது.

கூட்டத்தில் எங்கள் எண்களை அடுக்கிப் பார்த்தபோது என் நோயாளிகள் மட்டும் எல்லாரையும்விட நன்றாகத் தேறியிருந்தார்கள். எனக்குப் பெருமை பிடிபடவில்லை. “நீ சோதனை செய்யிறதை வந்து பார்க்கலாமா?” என்றார் சக ஊழியர் ஒருவர். வந்தார். ஆறு நிமிடமும் ஓரமாக நின்று பார்த்துவிட்டு, “நீ கிரிக்கெட் வர்ணனை பண்ணிட்டிருக்கே” என்றார். உண்மைதான். “சபாஷ் ஐயா! இன்னும் கொஞ்சம் எட்டிப் போடுங்க! விடாதீங்க!” என்று கூவிக்கொண்டே பக்கத்தில் நடந்திருக்கிறேன். அதுவும் முதல் சோதனையில் சும்மா இருந்துவிட்டு, சிகிச்சை முடிந்து செய்யும் இரண்டாவது சோதனையில்!

இதில் என்ன தப்பு என்று தோன்றலாம். 1984இல் கனடாவில் கார்டன் கையாட் குழுவினர் இதையே அளந்தார்கள். உற்சாகப்படுத்தினால் மட்டுமே நடைத்தூரம் சுமார் 30 மீட்டர் கூடியது. நாள்பட்ட நுரையீரல் நோயாளிக்கு உண்மையிலேயே முன்னேற்றம் வந்திருக்கிறது என்று நாங்கள் ஒப்புக்கொள்ளும் தூரமும் ஏறக்குறைய அதே 30 மீட்டர்தான். ஆக, என் சிகிச்சையால் வந்த பலன் எது, என் தொண்டையால் வந்த பலன் எது? இதனால்தான் 2002இல் அமெரிக்க நெஞ்சகச் சங்கம் வெளியிட்ட வழிமுறையில், ஒவ்வொரு நிமிடமும் என்ன சொல்ல வேண்டும் என்பதுகூட எழுதப்பட்டிருக்கிறது. நன்றாக நடக்கிறீர்கள், இன்னும் இத்தனை நிமிடம் இருக்கிறது. அவ்வளவுதான், குரலை உயர்த்தக் கூடாது. தனியாக வேலை பார்த்திருந்தால், கெட்டிக்காரப் பிசியோ என்று நினைத்துக்கொண்டே ஓய்வு பெற்றிருப்பேன்.

பழையதைக் கைவிடுவதற்கும் கூட்டாளிகள் வேண்டியிருக்கிறது. நிமோனியா என்றாலே முதுகில் தட்டுவது எங்கள் குலவழக்கமாக இருந்தது. சளி நிறையச் சேர்கிற சில நோய்களில் அதற்கு இடமுண்டு. சாதாரண நிமோனியாவில் வழக்கமாகத் தட்டுவதால் பயனில்லை என்று ஆய்வுகள் சொன்ன பிறகும் நாங்கள் பல வருடம் தட்டிக்கொண்டுதான் இருந்தோம். தட்டாமல் போனால் வேலை செய்யவில்லை என்று நினைத்துவிடுவார்களோ என்ற பயம். பைபாஸ் செய்தவர் கையை உயர்த்தவே கூடாது என்ற விதிக்கும் இதே கதை. தூக்கும் எடையைக் கிலோக் கணக்கில் சொல்லித் தடுப்போம். ஒரு பலமான இருமல் அதைவிட அதிகமாக நெஞ்செலும்பை இழுக்கும் என்பதை மறந்துவிடுவோம். இப்போது பல இடங்களில், முழங்கை விலாவை ஒட்டியே இருக்கட்டும், அதற்குள் வலியில்லாத அளவுக்கு வேலை செய்யலாம் என்று சொல்லித்தருகிறார்கள். எங்கள் கூட்டத்தில் இதற்கு ஒரு பெரிய சண்டையே நடந்தது. இரண்டு பேர் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. அவர்கள் அங்கே இருப்பதும் எனக்கு நல்லதாகத்தான் படுகிறது.

உலக அளவில், 1951இல் தொடங்கிய உலக பிசியோதெரபி கூட்டமைப்பில் எங்கள் துறைக்கென்று ஓர் உட்குழு இருக்கிறது. ஆனாலும் பெரிய மாநாடுகளில் முதுகுவலிக்கும் முழங்கால்வலிக்கும் அரங்கம் நிரம்பி வழியும், எங்களுக்குக் கோடியில் ஓர் அறை கிடைக்கும். இது என் நெடுநாள் புலம்பல், மன்னிக்கவும்.

2020இல் அந்தக் கோடி அறைக்காரர்களைத்தான் எல்லாரும் தேடினார்கள். கொரோனா வார்டில் யாரிடம் போகலாம், யாரிடம் போகத் தேவையில்லை, இருமச் செய்யும் பயிற்சிக்கு என்ன முகக்கவசம் என்று எதுவுமே தெரியாமல் நின்ற நேரம். ஆஸ்திரேலியா முதலான நாடுகளின் பிசியோதெரபிஸ்டுகள் சேர்ந்து சில வாரங்களிலேயே ஒரு வழிகாட்டி எழுதி வெளியிட்டார்கள். அதைப் பலரும் தத்தம் மொழிகளில் பெயர்த்தார்கள். வறட்டு இருமலோடு, சளி இல்லாமல் இருப்பவரிடம் வெறுமனே போய் நிற்காதே, சளியைத் துப்ப முடியாமல் தவிப்பவரிடம் தகுந்த கவசத்தோடு போ என்று அது சொன்னது. அன்று எனக்கு அது போதுமாக இருந்தது.

போன ஞாயிற்றுக்கிழமை காலை ஓர் இளம் பிசியோ போனில் கூப்பிட்டார். “அக்கா, நாடி 116. எழுப்பி உட்கார வைக்கலாமா?” நான் உடனே பதில் சொல்லவில்லை. “எப்பவுமே 116தானா, இன்னைக்கு ஏறினதா?” என்று ஆரம்பித்தேன். நாலாவது கேள்விக்கு வரும்போது, “சரிக்கா, புரியுது, நானே பார்த்துக்கறேன்” என்று போனை வைத்துவிட்டார். கால் மணி நேரம் கழித்து ஒரு வரி வந்தது: “நாற்காலியில உட்கார்ந்திருக்கார். கண்ணாடி எங்கேன்னு தேடறார்.”

வணக்கம்.