அப்பா பிதாவே: வேதத்தில் ஒரு வீட்டுச் சொல்

(காட்சி: பாளையங்கோட்டை ஊசிக் கோபுரம், ஞாயிறு காலை ஆராதனை மணி)

எல்லாருக்கும் தோத்திரம்.

1826-ல் மிஷனரி ரேனியஸ் ஐயர் கட்டிய கோயில் இது. வாராவாரம் சபை முழுக்க ஒரே குரலில் "பரமண்டலங்களிலிருக்கிற எங்கள் பிதாவே" என்று சொல்லும். ஆனால் வீட்டில் யாராவது அப்பாவைப் பிதா என்று கூப்பிட்டதுண்டா? நெல்லைப் பக்கம் பிள்ளைகள் "எப்பா" என்றுதான் கூப்பிடுவார்கள்.

வேதத்தில் ரெண்டு சொல்லும் சேர்ந்தே வருகிற இடம் மூன்று: மாற்கு 14:36, ரோமர் 8:15, கலாத்தியர் 4:6. "அப்பா பிதாவே." அந்த 'அப்பா' நம்ம தமிழ் என்றுதான் நான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். அது இயேசு பேசிய அரமேய மொழி. கிரேக்கத்தில் எழுதியவர்கள் அந்தச் சொல்லை அப்படியே விட்டுவிட்டு, பக்கத்தில் பொருளையும் எழுதினார்கள். தமிழுக்கு வந்தபோது அது நம்ம வீட்டுச் சொல்லாகவே வந்து உட்கார்ந்துகொண்டது. இது குழந்தையின் மழலை என்று சில பிரசங்கங்களில் சொல்வார்கள். அது கொஞ்சம் மிகை. வளர்ந்த மகனும் அப்படித்தான் கூப்பிட்டான், தலை நரைத்த பிறகும் நாம் அப்பா என்பதுபோல. பிடிபடுகிற ராத்திரியில் கெத்செமனே தோட்டத்தில் வியாகுலத்தோடு அப்படிக் கூப்பிட்ட இயேசு குழந்தை இல்லையே.

சரி, சொல் கிட்ட வந்துவிட்டது. ஆள்?

தூத்துக்குடி மாவட்டத்து நாசரேத்தில் எங்கள் வீட்டில் சாயங்காலம் சைக்கிள் ஸ்டாண்டு போடும் சத்தம் கேட்டால், அம்மா "ஏலே, அப்பா வாராவ" என்பாள். உடனே புத்தகம் கைக்கு வந்துவிடும். புதுச் செருப்பு வேண்டுமென்றாலும் அம்மா வழியாகத்தான் மனு போகும். அதே பழக்கம் ஜெபத்திலும் ஒட்டிக்கொண்டது. குடும்ப ஜெபத்தில் ஊரில் உள்ள எல்லாருக்காகவும் வேண்டுவேன். எனக்கென்று ஒன்றும் கேட்காமல் ஆமென் சொல்லிவிடுவேன்.

இதைவிடக் கஷ்டமான வீடுகள் உண்டு. குடித்துவிட்டு அடிக்கிற அப்பா, விட்டுவிட்டுப் போன அப்பா. அந்தப் பிள்ளையிடம் போய் "கடவுள் உன் அப்பா மாதிரி" என்று சொல்லவே கூடாது. ரோமர் 8:15-ல் பவுல் எடுத்த சொல் வேறு: புத்திர சுவிகாரம், அதாவது தத்தெடுப்பு. ரோமச் சட்டத்தில் தத்துப்பிள்ளைக்கும் சொத்தில் உரிமை உண்டு. அதனால்தான் ரெண்டு வசனம் தள்ளி "சுதந்தரர்", அதாவது வாரிசுகள், என்று எழுதுகிறார். இதற்கு நமக்கு ரோமாபுரி வரைக்கும் போக வேண்டாம். களக்காட்டுக்குப் பக்கத்தில் டோனாவூர் இருக்கிறது. போக்கிடமில்லாத பிள்ளைகளை மிஷனரி ஏமி கார்மைக்கேல் அங்கே சேர்த்து வளர்த்தார். அவர்களுக்கு அவர் 'அம்மா'.

(காட்சி: இருபுறமும் பனை, நடுவில் செம்மண் பாதை)

லூக்கா 15, கெட்ட குமாரன் கதை. சொத்தில் தன் பங்கை வாங்கிப்போய் அழித்துவிட்டு வெறுங்கையோடு வீடு திரும்புகிற மகன். தூரத்தில் மகனைப் பார்த்ததும் தகப்பன் ஓடுகிறார். நம்ம ஊர்ப் பெரியவர் ஒருத்தர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தெருவில் ஓடினால் திண்ணையில் இருக்கிறவர்கள் என்ன பேசுவார்கள்! அப்புறம் இன்னொன்று. வழியெல்லாம் மகன் ஒரு பேச்சைத் தயார் பண்ணிக்கொண்டு வருகிறான். கூலிக்காரனாக வைத்துக்கொள்ளும் என்பது அதன் கடைசி வரி. அந்த வரியை அவன் சொல்லவே இல்லை. அதற்குள் அப்பா வேலைக்காரர்களிடம் நல்ல வஸ்திரம் கொண்டுவரச் சொல்லிவிட்டார்.

பத்தாம் வகுப்பில் கணக்கில் ஃபெயிலானபோது நானும் ஒரு பேச்சு தயார் பண்ணினேன், மூக்குப்பீறியில் ஆச்சி வீட்டுக்குள் ஒளிந்துகொண்டு. இருட்டின பிறகு வாசலில் ஸ்டாண்டு போடும் சத்தம். அப்பா உள்ளே வந்தார். மார்க்கைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

"சாப்பிட்டியாலே?"

ஆச்சி தோசை சுட்டாள். ரெண்டு பேரும் சாப்பிட்டோம். திரும்பி வரும்போது கேரியரில் உட்கார்ந்து, கம்பியைப் பிடிக்காமல் அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டேன்.