பெருக்கிப் பார்த்தால் யார் முதலிடம்?

நேயர்களுக்கு வணக்கம். கிரிக்கெட்டில் பேட்டிங், பந்துவீச்சு இரண்டிலும் கலக்கும் ஆல்ரவுண்டர்களில் தலைசிறந்தவர் யார் என்று கேட்டால் ஆளுக்கொரு பெயர் சொல்வார்கள். சரி, கணக்குப் போட்டே பார்த்துவிடலாம் என்றால், பலரும் கையில் எடுப்பது ஒரு கழித்தல். ஒருமுறை அவுட்டாவதற்குள் எத்தனை ரன் எடுத்தார் என்ற பேட்டிங் சராசரியிலிருந்து, ஒரு விக்கெட்டுக்கு எத்தனை ரன் கொடுத்தார் என்ற பந்துவீச்சுச் சராசரியைக் கழிக்க வேண்டும். மிச்சம் எவ்வளவு அதிகமோ, அவ்வளவு சிறந்தவர். டெஸ்டில் கேரி சோபர்ஸின் பேட்டிங் சராசரி 57.78, பந்துவீச்சில் 34.03. மிச்சம் 23.75. ஜாக் காலிஸுக்கு 22.72, இம்ரான் கானுக்கு 14.88. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது.

இதே கணக்கை டான் பிராட்மேனுக்குப் போடுங்கள். பேட்டிங் சராசரி 99.94. டெஸ்டில் அவர் எடுத்ததே 2 விக்கெட், சராசரி 36. மிச்சம் ஏறக்குறைய 64! உலகின் முதல் ஆல்ரவுண்டர் பிராட்மேன்தான் என்று ஆகிவிடுகிறது. எத்தனை விக்கெட் எடுத்தார் என்று கழித்தல் கேட்பதே இல்லை.

சர்வதேச கிரிக்கெட் கவுன்சிலின் (ஐசிசி) தரவரிசையில் கழிப்பதில்லை, பெருக்குகிறார்கள். பேட்டிங் புள்ளியையும் பந்துவீச்சுப் புள்ளியையும் பெருக்கி 1000-ஆல் வகுத்தால் ஆல்ரவுண்டர் புள்ளி. ஒன்றில் 800, மற்றதில் 100 வைத்திருப்பவருக்குக் கிடைப்பது 80. இரண்டிலும் 450 வைத்திருப்பவருக்கு 202.5. கூட்டினால் இருவருக்கும் 900 தான்.

அந்த யோசனையைக் கடன் வாங்கி, ஒரு டெஸ்டுக்கு எத்தனை ரன், எத்தனை விக்கெட் என்று எடுத்துப் பெருக்கிப் பார்த்தேன். சோபர்ஸ் 218. அப்புறம் இயான் போத்தம் 191, ரிச்சர்ட் ஹாட்லி 182, இம்ரான் 178. காலிஸ் 141-க்கு இறங்கிவிடுகிறார், கபில் தேவ் 133. பிராட்மேனுக்கு வெறும் 5.

காலிஸ் ரசிகர்கள் கோபிக்க வேண்டாம். 13,289 ரன், 292 விக்கெட் எடுத்தவர் அவர். ஆனால் டொனால்ட், பொல்லாக், ஸ்டெய்ன் போன்ற வேகப்பந்து வீச்சாளர்கள் இருந்த தென்னாப்பிரிக்க அணியில் அவர் கைக்குப் பந்து வருவதே குறைவு. ஹாட்லிக்கு நேர்மாறு. நியூஸிலாந்தின் பந்துவீச்சுச் சுமையில் பெரும்பங்கு அவர் தோளில். அணி எப்படிப்பட்டது என்பதும் இந்த எண்ணுக்குள் ஒளிந்திருக்கிறது.

சோபர்ஸ் மட்டும் எப்படிப் போட்டாலும் மேலேயே நிற்கிறார். இத்தனைக்கும் வேகப்பந்து, விரல் சுழல், மணிக்கட்டுச் சுழல் என்று அணிக்கு எது தேவையோ அதைப் போட்டவர். அந்த 34-இல் மூன்றும் கலந்திருக்கிறது.

இரண்டாம் இடத்தில்தான் எனக்கு என் கணக்கோடேயே தகராறு. ஒரு விக்கெட்டுக்கு எத்தனை ரன் கொடுத்தார் என்பதை அது பார்க்காது. போத்தம் 28.40, இம்ரான் 22.81. அதோடு, கேப்டனாக ஆடிய 48 டெஸ்டில் இம்ரானின் பேட்டிங் சராசரி 52, பந்துவீச்சில் 20. அதனால் இரண்டாம் இடத்தை இம்ரானுக்கே கொடுப்பேன். வசதியான காலத்தை மட்டும் பொறுக்கி எடுக்கிறாயே என்று போத்தம் ரசிகர்கள் கேட்கலாம், நியாயம்தான். 1980-இல் பம்பாயில் ஒரே டெஸ்டில் சதமும் அடித்து 13 விக்கெட்டும் எடுத்தவராயிற்றே. இருந்தாலும் அவருக்கு என் பட்டியலில் மூன்றாம் இடம்தான்.