அழைப்பு ஒரு நாள், பிரயாசம் ஒவ்வொரு நாளும்

மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே, எதிரணிப் பேச்சாளர்களே, அவையோரே, அனைவருக்கும் என் வணக்கம்.

அயல்நாட்டில் ஊழியம் செய்யும் மிஷனரியின் விசுவாசத்தை நிலைநிறுத்துவது அவர் கடவுளிடம் பெற்ற அழைப்பா, அவருடைய அன்றாட முயற்சியா என்னும் கேள்விக்கு, அன்றாட முயற்சியே என்று வாதிட வந்திருக்கிறேன். அழைத்தவர் உண்மையுள்ளவர், ஆகவே அழைக்கப்பட்டவரின் விசுவாசத்தை அவரே காத்துக்கொள்வார் என்றார் எனக்கு முன் பேசிய எதிரணித் தலைவர். அழைத்தவரின் உண்மையில் எனக்கும் ஐயமில்லை. ஆனால் அழைத்தவர் உண்மையுள்ளவர் என்று எழுதிய அதே அப்போஸ்தலர் பவுல்தான், இரட்சிப்பு நிறைவேறப் பிரயாசப்படுங்கள் என்று பிலிப்பியருக்கு எழுதி, விருப்பத்தையும் செய்கையையும் உண்டாக்குகிறவர் தேவனே என்று அடுத்த வசனத்திலேயே சேர்க்கிறார். பிரயாசத்தையும் கிருபையையும் எதிரெதிராக நிறுத்தியவர்கள் நாம்தான், பவுல் அல்லர்.

சொந்த ஊரில் நம் விசுவாசத்தைப் பாதி தூரம் பிறர் சுமக்கிறார்கள். ஆலய மணி நம்மை எழுப்புகிறது. வீட்டார் குடும்ப ஜெபத்துக்கு அழைக்கிறார்கள். மனம் வறண்ட ஞாயிற்றுக்கிழமையிலும் அருகில் நிற்பவரின் பாட்டு நம்மையும் சேர்த்து இழுத்துச் செல்கிறது. கடல் கடந்தவருக்கு இவை எதுவும் இல்லை. சபை முழுவதும் சேர்ந்து செய்ததை அங்கே அவர் ஒருவரே தமக்காகச் செய்துகொள்ள வேண்டும்.

அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் பிறந்த மிஷனரி அதோனிராம் ஜட்சன், மனைவி ஆனுடன் 1813 ஜூலையில் பர்மாவின் ரங்கூனில் இறங்கினார். முதல் பர்மியருக்கு ஞானஸ்நானம் கொடுத்தது 1819 ஜூனில். இடைப்பட்ட ஏறத்தாழ ஆறு ஆண்டுகளில் அவருக்கிருந்தவை ஓர் ஆசிரியர், ஓலைச்சுவடிகள், விளங்காத ஒரு மொழி. அதற்குள் ஒரு மகனையும் அடக்கம் செய்திருந்தார். வேதாகமத்தைப் பர்மிய மொழியில் பெயர்க்க முனைந்த அவரைப் போன்ற மொழிபெயர்ப்பாளருக்கு உரிய ஓர் ஆபத்தை இங்கே சொல்ல வேண்டும்: நாள் முழுவதும் வேத வசனத்தை இலக்கணமாகவும் சொற்பொருளாகவும் கையாள்பவர், அது தம்மிடம் பேசுவதையே கேட்காமல் போய்விடலாம். ஊழியமே ஜெபத்தின் நேரத்தைத் தின்றுவிடும். அந்த நேரத்தை மீட்டெடுக்க நாள்தோறும் பிரயாசம் வேண்டும். என்றோ பெற்ற அழைப்பு அதைத் தானாகச் செய்துவிடாது.

1824இல் ஆங்கிலேயருடன் போர் மூண்டதும், ஒற்றர் என்னும் சந்தேகத்தில் ஆவா நகரச் சிறையில் அவரை அடைத்தார்கள். இரவில் விலங்கிட்ட கால்களை மூங்கிலில் கட்டி உயர்த்திவிட, தோள்கள் மட்டும் தரையில் படக் கிடந்தார். புதிய ஏற்பாட்டின் கையெழுத்துப் படியைத் தலையணைக்குள் வைத்துத் தைத்து, சிறைக்குள் அவரிடம் சேர்த்தவர் ஆன். விடுதலைக்குப் பின் 1826இல் ஆன் இறந்தார். சில மாதங்களில் குழந்தை மரியாவும் இறந்தாள். ஜட்சன் காட்டில் குடிசை கட்டினார், தமக்கென ஒரு குழி வெட்டி அதன் ஓரத்தில் அமர்ந்தார், கடவுளை நம்புகிறேன், ஆனால் காண முடியவில்லை என்ற பொருள்பட எழுதினார்.

எதிரணியினர் இப்போது குறுக்கிடலாம்: அந்தக் குழியே மனித முயற்சியின் தோல்விதானே? நேர்மையான கேள்வி, அதைத் தட்டிக்கழிக்க மாட்டேன். தன் ஆத்துமாவைத் தானே நிறுத்துப் பார்க்கும் முயற்சி ஒருவரைக் குழியின் விளிம்புவரை கொண்டுபோகும் என்று ஒப்புக்கொள்கிறேன். நான் வாதிடும் முயற்சி வேறு. உணர்வு வந்தாலும் வராவிட்டாலும் அடுத்த வசனத்தை எடுத்து வைப்பது, அடுத்த மனிதரிடம் பேசுவது, பதில் கேளாதபோதும் முழங்காலில் நிற்பது. பல்லாண்டு நீடித்த உள்ளிருளைத் தம் கடிதங்களில் எழுதிய அன்னை தெரேசாவும் ஜெபத்தை விட்டுவிடவில்லை. அவர்களுடைய அழைப்பு மெய்யானது. ஆனால் அதன் இனிமை அவர்களுக்கு உணர்வாகக் கிடைக்காத காலம் அது. அப்போது எஞ்சி நின்றது இந்தப் பிரயாசம் ஒன்றே.

1834 ஜனவரி 31 அன்று பர்மிய வேதாகமத்தின் கடைசித் தாளைக் கையில் பிடித்தபடி ஜட்சன் முழங்காலிட்டார். பணி நிறைவேறியது என்று அவர் ஓய்ந்திருக்கலாம். அவரோ மறுபடி தொடக்கத்துக்குப் போய், 1840 வரை அதையே திருத்திக்கொண்டிருந்தார். அந்த ஆறு ஆண்டுகளை எதிரணியினர் எந்தக் கணக்கில் எழுதப்போகிறார்கள் என்று நடுவர் அவர்கள் கேட்க வேண்டுமென வேண்டி, அமர்கிறேன்.