மானூர்க் கல்வெட்டும் நம் ஊராட்சியின் 25 ஆண்டும்

(நாங்குநேரி வட்டாரத்து ஊராட்சி ஒன்றின் தொலைநோக்கு வரைவு குறித்து நடந்த பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

ஊராட்சி மன்றத் தலைவர் அவர்களே, துணைத் தலைவர் அவர்களே, வார்டு உறுப்பினர்களே, வயல் வேலையும் வீட்டு வேலையும் முடித்து வந்திருக்கும் தாய்மார்களே, பெரியோர்களே, இளைஞர்களே, அனைவருக்கும் வணக்கம்.

நம் ஊராட்சியின் அடுத்த 25 ஆண்டுகளுக்கான தொலைநோக்கு வரைவை முழுவதும் படித்துவிட்டுத்தான் இங்கே நிற்கிறேன். சமத்துவம், வெளிப்படைத்தன்மை, பசுமை, அனைவரையும் உள்ளடக்கிய முன்னேற்றம் என்று நல்ல சொற்களை நிறையவே அடுக்கியிருக்கிறார்கள். இவற்றில் ஒன்றையும் யாரும் எதிர்க்கப் போவதில்லை. எனக்குக் கவலையே அதுதான். ஒருவருக்கும் ஒரு சிரமமும் தராத விழுமியத்தை எழுதி வைப்பதால் ஊரில் ஒரு துரும்பும் அசையாது. எதையெல்லாம் கட்டப்போகிறோம் என்று பட்டியலிடுவதைக் காட்டிலும், எந்த நெருக்கடியிலும் எதைச் செய்யமாட்டோம் என்று இந்த மன்றமும் இனி வரப்போகும் மன்றங்களும் ஊரார் முன்னிலையில் ஒப்புக்கொண்டு தம்மைக் கட்டுப்படுத்திக்கொள்வதே இப்படிப்பட்ட ஆவணத்தின் வேலை என்பது என் கருத்து.

இதற்கு முன்மாதிரி தேடி வெகுதூரம் போக வேண்டாம். திருநெல்வேலியிலிருந்து சங்கரன்கோவில் செல்லும் சாலையில் உள்ள மானூரில், அம்பலவாண சுவாமி கோயிலில், பாண்டியன் மாறஞ்சடையன் காலத்துக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. கிராம சபை என்றாலே நாம் உத்திரமேரூரைத்தான் சொல்கிறோம்; அங்குள்ள பராந்தக சோழனின் கல்வெட்டுகள் கி.பி. 919, 921ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தவை. மானூர்க் கல்வெட்டு அவற்றுக்கும் முந்தியது. ஊர்ச் சபையில் யார் பேசலாம், அவருக்கு என்ன தகுதி வேண்டும், எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று அந்தச் சபையார் தமக்குத் தாமே விதி வகுத்துக் கல்லில் வெட்டி வைத்தார்கள். எந்தப் பொருளை எடுத்தாலும் 'இல்லை, இல்லை' என்று முட்டுக்கட்டை போடுகிறவருக்கும் அவருக்குத் துணை நிற்பவருக்கும் பொருள் ஒன்றுக்கு ஐந்து காசு தண்டம் என்பதும் அந்த விதிகளில் அடங்கும். அந்தத் தண்டத்தை இன்றைக்கும் வசூலித்தால் சில ஊராட்சிகளுக்கு வீட்டு வரியே தேவைப்படாது.

அந்தச் சபையை நான் பொற்காலம் என்று கொண்டாட வரவில்லை. நிலப்பங்கும் வேதப் புலமையும் உடைய பிராமணர்கள் மட்டுமே அதில் பேச முடிந்தது. உழுதவருக்கும் பெண்களுக்கும் அங்கே இடம் கிடையாது. ஆயினும் ஒன்றைக் கவனியுங்கள். அந்த விதிகளில் மண்டபம் கட்டுவோம், சாலை போடுவோம் என்ற வாக்குறுதி எதுவும் இல்லை. சபை தன் நடத்தையைப் பற்றி மட்டுமே பேசுகிறது. உத்திரமேரூரிலும் முன்பு பொறுப்பில் இருந்து கணக்குக் காட்டாதவர் மட்டுமல்லாமல் அவருடைய நெருங்கிய உறவினரும் குடவோலைக்குத் தகுதி இழந்தார்கள். நம் வரைவில் கணக்கு என்ற சொல்லை நான் எங்கும் பார்க்கவில்லை.

இனி நம் ஊருக்கு வருகிறேன். 'சமத்துவம்' என்று எழுதியிருக்கிறீர்கள். சமத்துவம் நம் ஊரில் வால்வில் இருக்கிறது. மேல்நிலைத் தொட்டி நிறைந்திருக்கும் நாளில் எல்லாத் தெருவுக்கும் தண்ணீர் போகிறது. அன்றைக்கு யாரும் யாருடைய சாதியையும் நினைப்பதில்லை. மின்சாரம் நின்று மோட்டார் ஓடாமல் தொட்டி பாதியாக இருக்கும் நாளில்தான் சங்கதி வெளிப்படுகிறது. ஆபரேட்டர் வழக்கம் போலத் தொட்டிக்குப் பக்கத்துத் தெருவுக்கு முதலில் திறக்கிறார். அங்கே குடம் நிறைந்து, அண்டா நிறைந்து, வாசலும் தெளித்து முடிகிறது. குழாயின் கடைசியில் இருக்கும் தெருவில் புஸ்ஸென்று காற்று வருகிறது. ஆபரேட்டர் மேல் குற்றமில்லை, அவருக்கு யாரும் வேறு முறை சொல்லித் தரவில்லை. ஆனால் அந்தக் கடைசித் தெரு எந்தத் தெரு என்பதும், அது ஏன் எப்போதும் கடைசியாகவே அமைந்தது என்பதும் இங்கே இருக்கும் எல்லாருக்கும் தெரியும். ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் என்பது ஜல் ஜீவன் திட்டத்தின் அளவு. ஊர் மொத்தத்துக்கும் சராசரி போட்டால் அந்த அளவைக் காகிதத்தில் எட்டிவிடலாம். ஆகவே சமத்துவம் என்ற சொல்லை எடுத்துவிட்டு, 'தொட்டி பாதிக்குக் கீழ் இருக்கும் நாளில் கடைசித் தெருவின் வால்வே முதலில் திறக்கப்படும்' என்று எழுதுங்கள். இது ஒரு வரிதான். இதற்கு ஒரு ரூபாய் செலவில்லை. ஆனால் இதை எதிர்க்க ஆள் வரும். அப்படி ஆள் வந்தால் நாம் உண்மையான விழுமியம் ஒன்றை எழுதியிருக்கிறோம் என்று பொருள்.

அடுத்தது குளம். வரைவில் குளத்தைச் சுற்றி நடைபாதை, மின்விளக்கு, பூங்கா எல்லாம் வருகின்றன. வயலுக்குத் தண்ணீர் திறக்கும் மடையைப் பற்றியும், குளம் நிறைந்தால் உபரி நீர் வழியும் மறுகாலைப் பற்றியும் ஒரு வரி இல்லை. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை நாம் மறக்கவில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் கொட்டியது. அன்றைக்குத் தண்ணீர் தன் பழைய வழியைத் தேடிக்கொண்டு வந்தது. அந்த வழியில் நாம் வீடும் மதிலும் எழுப்பியிருந்தோம். ஆக்கிரமிப்பு என்றதும் கருவேல முள்ளை வெட்டி நாலு செண்டு வளைத்த ஏழையைத்தான் கை காட்டுகிறோம். ஆனால் அரசாங்கமே குளத்துக்குள் கட்டடம் எழுப்பிய ஊர்கள் நம் பக்கத்தில் ஒன்று இரண்டல்ல. நெல்லைப் புதிய பேருந்து நிலையமே வேய்ந்தான்குளத்தில்தான் நிற்கிறது. எனவே மறுகால் ஓடையிலும் குளத்துப் பரப்பிலும் எந்தக் கட்டடத்துக்கும் வீட்டு வரி ரசீது போடுவதில்லை, தடையில்லாச் சான்று தருவதில்லை, ஊராட்சியின் சொந்தக் கட்டடமும் அதில் சேரும் என்று தீர்மானமாக எழுத வேண்டும். கடைசியில் சொன்னதுதான் முக்கியம். இடம் கிடைக்கவில்லை என்று சொல்லி முதலில் குளத்துக்குள் இறங்குவது பெரும்பாலும் அங்கன்வாடியும் சமுதாயக் கூடமும்தான்.

நூறு ஏக்கருக்கு, அதாவது 40 ஹெக்டேருக்கு, மேல் பாசனம் உள்ள குளம் நீர்வளத் துறையிடமும், அதற்குக் குறைந்தது ஊராட்சி ஒன்றியத்திடமும் இருக்கிறது. நம் கையில் என்ன உள்ளது என்று தலைவர் கேட்கலாம். கேள்வி நியாயமானது. ஆனாலும் வரி ரசீது நம் கையில்தான் இருக்கிறது.

எழுதி வைக்காமலே விழுமியம் ஒன்றைக் கடைப்பிடிக்கும் ஊரும் நம் தாலுகாவிலேயே உண்டு. கூந்தன்குளத்துக்குப் பிசானப் பருவத்தில் போனவர்கள் பார்த்திருப்பீர்கள். கூழைக்கடாவும் மஞ்சள் மூக்கு நாரையும் கரண்டிவாயனும் குளத்து மரங்களோடு நில்லாமல் வீட்டு முற்றத்து மரத்திலும் கூடு கட்டுகின்றன. எச்சத்தின் நாற்றமும் குஞ்சுகளின் இரைச்சலும் லேசுப்பட்டவை அல்ல. இருந்தும் அவ்வூரார் கல்லெறிவதில்லை, பிள்ளைகள் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. எச்சம் கலந்த தண்ணீர் வயலுக்கு உரமாகிறது என்ற கணக்கும் அவர்களுக்கு உண்டு. அதில் தவறொன்றும் இல்லை. 1994இல் அரசு அதைச் சரணாலயமாக அறிவித்தது. 2022இல் ராம்சார் என்னும் பன்னாட்டு ஈரநிலப் பட்டியலில் அது இடம்பெற்றது. அறிவிப்புகள் பின்னால் வந்தன, கட்டுப்பாடு முன்னாலேயே இருந்தது. தீபாவளியன்று ஒரு சிறுவனிடம் 'வேண்டாம்டே' என்று சொல்லித் தடுக்கும் துணிவு ஊருக்கு இருந்ததால்தான் பறவை இன்றும் வருகிறது.

பெண்களுக்கு உள்ளாட்சியில் சரிபாதி இடம் தர 2016இல் தமிழ்நாட்டில் சட்டம் வந்துவிட்டது. வரைவும் அதைப் பெருமையோடு குறிப்பிடுகிறது. பெருமைப்படுவதற்கு முன் நம் மாவட்டத்திலேயே நடந்த ஒன்றையும் நினைவில் வைக்க வேண்டும். அதே மானூர் ஒன்றியத்துத் தாழையூத்து ஊராட்சியின் தலைவராக இருந்த கிருஷ்ணவேணி, அருந்ததியர் சமூகத்துப் பெண், 2011 ஜூன் மாதம் வெட்டுப்பட்டு உயிர் பிழைத்தார். பெண்களுக்குக் கழிப்பிடம் கட்ட அவர் எடுத்த முயற்சியும் அந்தப் பகைக்குக் காரணம் என்று அப்போது செய்திகள் கூறின. நாற்காலியைச் சட்டம் கொடுத்துவிடும். அதில் அமர்ந்து ஒருவர் அச்சமின்றி முடிவெடுக்க ஊர்தான் இடம் கொடுக்க வேண்டும். மன்றக் கூட்டத்தில் தேர்ந்தெடுக்கப்பட்டவர் மட்டுமே பேசுவார், அவர் வீட்டுக்காரரோ அண்ணனோ அருகில் நாற்காலி போட்டு அமரமாட்டார்கள் என்பதை விதியாகவே எழுதுங்கள். பள்ளிப் பிள்ளைகள் சாதியைக் காட்டக் கையில் கட்டும் வண்ணக் கயிற்றுக்குத் தடை வேண்டும் என்று நீதியரசர் சந்துரு குழு 2024இல் அரசுக்கு அறிக்கை தந்திருக்கிறது. அந்தத் தடையைப் பள்ளியோடு விட்டுவிடாமல் நம் கோயில் கொடை விழாக்களுக்கும் கொண்டுவர முடியுமா என்று பெரியவர்கள் யோசிக்க வேண்டும்.

பணத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். 15ஆவது நிதிக்குழு மானியத்தில் 60 விழுக்காடு குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் என்று ஏற்கெனவே ஒதுக்கப்பட்டது. எஞ்சியதையும் வீட்டு வரியையும் வைத்துக்கொண்டு 25 ஆண்டுக்குக் கட்டடக் கனவு காண்பது வீண். ஒழுங்குமுறைக் கனவுக்குப் பணம் வேண்டாம்.

பணத்தைவிடக் காலம்தான் எனக்குப் பெரிய கேள்வியாகத் தெரிகிறது. 2021 அக்டோபரில் பொறுப்பேற்ற இந்த மன்றத்தின் ஐந்தாண்டு 2026இல் முடிகிறது. அதற்கு முன்பு, 2016 அக்டோபர் முதல் 2021 அக்டோபர் வரை, நம் மாவட்டத்து ஊராட்சிகளுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவரே கிடையாது. தனி அலுவலர்கள்தான் பார்த்துக்கொண்டார்கள். மன்றம் இல்லாமல் முழுதாக ஐந்து ஆண்டு ஓடிய ஊரில் மன்றத்தின் தொலைநோக்கை யார் காப்பார்கள்? கிராம சபைதான் காக்க வேண்டும். அதற்குப் பதவிக்காலம் கிடையாது. வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள ஒவ்வொருவரும் அதன் உறுப்பினர். ஆனால் நம் கிராம சபையின் நோய் மானூர்ச் சபையின் நோய்க்கு நேர் எதிரானது. அங்கே ஓயாமல் மறுத்தார்கள். நாம் வாயே திறப்பதில்லை. தீர்மானப் புத்தகத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, டீயும் வடையும் முடிந்ததும் எழுந்து போகிறோம்.

எனவே தலைவர் அவர்களிடம் நான் கேட்டுக்கொள்வது இதுதான். இந்த வரைவை இன்று நிறைவேற்ற வேண்டாம். தெருவாரியாகக் கூடிப் பேசி, வால்வு, மறுகால், நாற்காலி, கணக்கு ஆகியவற்றைப் பற்றிய விதிகளை மட்டும் தெளிவான தமிழில் எழுதி, அடுத்த கிராம சபையில் தனித்தனித் தீர்மானமாக வையுங்கள்; நிறைவேறியவற்றை ஊராட்சி அலுவலகச் சுவரில் பெயிண்டால் எழுதுங்கள். ஆண்டுதோறும் நவம்பர் 1ஆம் தேதி, உள்ளாட்சி நாள் கிராம சபையில், எந்த விதி எத்தனை முறை மீறப்பட்டது என்பதைக் கடைசித் தெருவைச் சேர்ந்த ஒருவர் எழுந்து படிக்கட்டும். நாளை தனி அலுவலர் வந்தாலும் முதல் நாளே அந்தச் சுவரை அவருக்குக் காட்டுங்கள். குளத்துப் பரப்பின் எல்லையை வருவாய்த் துறைப் பதிவேட்டின்படி அளந்து கல் நடும் வேலையைக் கோடையிலேயே முடித்துவிட வேண்டும். மழை வந்த பிறகு அளக்க முடியாது.