நான்கு போல்ட்டில் தொங்கிய வீடுகள்

வணக்கம். அடுக்குமாடியில் குடியிருக்கும் நேயர்களுக்கு நான் சொல்வது உடனே புரியும். மழைக்காலம். மொட்டை மாடி ஒழுகுகிறது, மேல்தளத்து வீட்டில் சுவரெல்லாம் ஊறிப்போய்க் கிடக்கிறது. அசோசியேஷன் கூட்டம் போடுகிறோம். தரைத்தளத்துக்காரர், "என் வீடு ஒழுகவில்லையே, நான் எதற்குப் பணம் தரவேண்டும்?" என்கிறார். வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு வெளியூரில் இருப்பவர் போனையே எடுப்பதில்லை. எங்கள் குடியிருப்பில் மொத்தமே 16 வீடுகள். அந்த ஒழுகலைச் சரிசெய்ய எங்களுக்கு மூன்று மழைக்காலம் பிடித்தது.

கட்டடக் கலை மாணவர்களுக்கு நெடுங்காலம் பாடம் எடுத்தவன் நான். எதிர்கால நகரங்களை வரைந்தவர்களைப் பற்றிய வகுப்பை இந்த மொட்டை மாடியிலிருந்துதான் தொடங்குவேன்.

1960இல் டோக்கியோவில் உலக வடிவமைப்பு மாநாடு நடந்தது. அப்போது இளம் ஜப்பானியர் சிலர் சேர்ந்து ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். மெட்டபாலிசம் என்று தங்கள் இயக்கத்துக்குப் பெயர் வைத்தார்கள். உடம்பில் நடக்கும் வளர்சிதை மாற்றம்தான். உடம்பில் பழைய செல் போய்ப் புதிய செல் வருகிறதல்லவா? நகரமும் அப்படித் தன்னைப் புதுப்பித்துக்கொள்ளட்டும் என்றார்கள். போரில் ஊர் ஊராக எரிந்ததைப் பார்த்து வளர்ந்த தலைமுறை அது. கட்டடம் என்றென்றும் நிற்கும் என்று சொன்னால் அவர்கள் எப்படி நம்புவார்கள்?

அவர்களில் இளையவர் கிஷோ குரோகாவா. அப்போது வயது 26. கோலாலம்பூரின் பெரிய விமான நிலையத்தில் இறங்கியிருக்கிறீர்களா? முனையத்துக்கு நடுவே மரங்கள் அடர்ந்த ஒரு சிறு காடு இருக்குமே, அந்த முனையத்தை வடிவமைத்தவர் இவர்தான்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். 1972இல் டோக்கியோவின் கின்சா பகுதியில் குரோகாவா ஒரு கட்டடம் எழுப்பினார். நாககின் கேப்ஸ்யூல் டவர். நடுவில் இரண்டு கோபுரங்கள். அவற்றைச் சுற்றி, சலவை இயந்திரங்களை அடுக்கிவைத்த மாதிரி 140 பெட்டிகள். ஒவ்வொரு பெட்டியும் ஒரு வீடு. அளவு சுமார் 10 சதுர மீட்டர், நம் கணக்கில் 100 சதுர அடிக்குச் சற்று மேல். ஒரு பெரிய வட்ட ஜன்னல், கட்டில், விமானத்தில் இருப்பதுபோல் குட்டிக் குளியலறை. தொழிற்சாலையில் செய்து, லாரியில் கொண்டுவந்து, கிரேனால் தூக்கி மாட்டினார்கள். ஒரு பெட்டிக்கு நான்கு போல்ட்டுகள். நேயர்களே, நான்கே போல்ட்டுகள்! 25 ஆண்டுக்கு ஒருமுறை அவற்றைக் கழற்றிப் புதுப் பெட்டி மாட்டிக்கொள்ளலாம் என்பது திட்டம்.

1997 வந்தது. ஒரு பெட்டியைக்கூட யாரும் மாற்றவில்லை.

எனக்கு அந்தக் கட்டடத்தின்மேல் அப்படியொரு பிரியம். டோக்கியோ போனபோது முதல் வேலையாக அதைப் பார்க்கப் போனேன். உடைந்த துண்டுகள் தெருவில் விழாமல் இருக்க வலை போட்டு மூடியிருந்தார்கள். வெந்நீர் நின்று பல காலமாயிற்று என்றார்கள். வெகுநேரம் எதிர்ப்பக்கம் நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன்.

ஏன் மாற்றவில்லை? கீழே இருக்கும் ஒரு பெட்டியைக் கழற்ற, மேலே இருப்பவற்றை முதலில் இறக்கவேண்டும். மேலே இருப்பது வேறொருவர் வீடு. அவர் சம்மதிக்கவேண்டும், பணம் போடவேண்டும். எங்கள் மொட்டை மாடிக் கதைதான், நேயர்களே, அதே கதைதான். போல்ட்டை அவ்வளவு கவனமாக வரைந்தவர், அதைக் கழற்றக் கையெழுத்துப் போடவேண்டிய வீட்டுக்காரர்களை வரையவில்லை. 2007இல் இடித்துவிடலாம் என்று அவர்கள் வாக்களித்தார்கள். பெட்டிகளை மட்டும் மாற்றுங்கள், கோபுரங்கள் நிற்கட்டும் என்று குரோகாவா மன்றாடினார். அந்த ஆண்டு அக்டோபரில் அவர் இறந்துபோனார். 2022இல் பெட்டிகளைக் கழற்றத் தொடங்கினார்கள். ஆமாம், கடைசியில் கழற்றினார்கள், கட்டடத்தை எடுத்துவிடுவதற்காக.

அதனால்தான் எதிர்கால நகரம் என்று யார் படம் காட்டினாலும், 25ஆம் ஆண்டில் இதைப் பழுதுபார்ப்பது யார், யார் பணத்தில் என்று கேட்கிறேன். சவுதி அரேபியாவில் 170 கிலோமீட்டர் நீளத்துக்கு, 500 மீட்டர் உயரத்தில், கண்ணாடிச் சுவருக்குள் ஒரு நகரம் என்று அறிவித்தார்களே, அந்தப் படத்தைப் பார்த்ததும் பாலைவனப் புழுதியை யார் துடைப்பார்கள் என்றுதான் தோன்றியது. அதைப் பற்றியும், நம் நாட்டில் திட்டம் போட்டுப் புதிதாகக் கட்டிய சண்டிகர் நகரத்தைப் பற்றியும் விரிவாகப் பேச நினைத்திருந்தேன், நேரம் நெருங்கிவிட்டது.

ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். அதே ஜப்பானில் இசே என்ற ஊரில் ஒரு மரக்கோயில். 20 ஆண்டுக்கு ஒருமுறை, பக்கத்து மனையில் அச்சு அசலாகப் புதிதாகக் கட்டி, பழையதைப் பிரித்துவிடுகிறார்கள். 2013இல் கட்டியது 62ஆம் முறை. அதற்கென்றே காடு வளர்க்கிறார்கள், மூத்த தச்சர் இளையவருக்குச் சொல்லிக்கொடுக்கிறார். அடுத்த முறை 2033இல். அதற்கான மரம் வெட்டும் சடங்குகள் 2025இலேயே தொடங்கிவிட்டன. வணக்கம்.