சுவருக்கு முன்னால் இருக்கும் மணல்

அவைத் தலைவர் அவர்களே, வேலூர்ப் பெருமக்களே, வணக்கம்.

கடல் இல்லாத ஊரில் அலைத் தடுப்பைப் பற்றிப் பேச வந்திருப்பவனை நீங்கள் சற்று ஐயத்தோடுதான் பார்ப்பீர்கள். ஆனால் நம் கோட்டையைச் சுற்றி நடந்து பழகியவர்களுக்கு ஒன்று தெரியும்: மதிலைக் காப்பதில் மதிலுக்கு முன்னால் இருப்பதற்கும் பங்கு உண்டு. கோட்டைக்கு அது அகழி நீர். கடற்கரை நகரத்துக்கு அது மணல்.

கரையை நோக்கி வரும் அலை ஆழத்துக்குக் கட்டுப்பட்டது. அதன் உயரம், அது நிற்கும் இடத்து நீராழத்தில் ஏறத்தாழ 0.78 பங்கை எட்டும்போது அலை உடைந்துவிடும். சுவரடியில் 2 மீட்டர் ஆழம் இருந்தால் சுமார் 1.6 மீட்டர் உயர அலைதான் உடையாமல் வந்து மோத முடியும். கடல் மட்டம் அரை மீட்டர் ஏறினால் அந்த அலை ஏறத்தாழ 2 மீட்டர் ஆகிறது. கால் பங்குதானே கூடியது என்று தோன்றும். ஆனால் சாய்வாகக் கொட்டிய கருங்கல் அலையில் உருளாமல் நிற்பதற்கு வேண்டிய எடை, அலை உயரத்தின் மும்மடிக்கு, அதாவது உயரத்தை உயரத்தால் இருமுறை பெருக்கி வரும் அளவுக்கு, ஏற்பக் கூடுகிறது. ஒரு டன் கல் நின்ற இடத்தில் இரண்டு டன் கல் வேண்டியிருக்கும். 1901 முதல் 2018 வரை உலகக் கடல் மட்டம் சராசரியாக 20 சென்டிமீட்டர் உயர்ந்திருக்கிறது. பசுமைக்குடில் வாயுக்களின் உமிழ்வு மிக அதிகமாக இருக்கும் நிலையில், இந்த நூற்றாண்டின் இறுதிக்குள் 63 சென்டிமீட்டர் முதல் ஒரு மீட்டர் வரை அது உயரக்கூடும் என்று பன்னாட்டுக் காலநிலைக் குழு மதிப்பிடுகிறது. ஆகவே அரை மீட்டர் என்பது மிகைப்படுத்திய கணக்கன்று.

இதில் இன்னொரு சிக்கல், சுவரே தனக்குப் பகையாவது. செங்குத்தான சுவரில் மோதித் திரும்பும் அலை அடிமணலைக் கிளறிக் கொண்டுபோகிறது, ஆழம் கூடுகிறது, அடுத்த பருவத்தில் அதனினும் பெரிய அலை வருகிறது.

நம் கிழக்குக் கரையில் மணல் ஒரே இடத்தில் நிற்பதில்லை. ஆண்டுக் கணக்கில் கூட்டிக் கழித்தால் அது தெற்கிலிருந்து வடக்கே போகிறது. சென்னைத் துறைமுகத்தின் சுவர்கள் அந்தப் பாதையை மறித்தபோது தெற்கே மெரினா அகன்றது. வடக்கே இராயபுரம் பக்கம் கரை கரைந்து, இன்று கருங்கல் குவியலாக நிற்கிறது. புதுச்சேரியில் 1980களின் இறுதியில் துறைமுகத் தடுப்புகள் எழுந்தபின் நகரத்தின் முன்னிருந்த மணற்கரை மறைந்ததும் அதே காரணத்தால்தான். அங்கே 2018இல் நீருக்கடியில் ஒரு செயற்கைத் திட்டு அமைத்தார்கள். அலை கரைக்கு வருமுன்பே அதில் உடைய, மணல் ஓரளவு திரும்பி வந்தது. மீனவக் கிராமங்கள் கேட்கும் தூண்டில் வளைவையும், அதாவது கரையிலிருந்து கடலுக்குள் நீட்டிக் கட்டும் கல் தடுப்பையும், இந்தக் கணக்கில் வைத்தே பார்க்க வேண்டும். படகும் வலையும் வைக்க இடம் கேட்பது நியாயமே. ஆனால் ஓர் ஊர் பிடித்து வைக்கும் மணல் வடக்கே அடுத்த ஊருக்கு வரவேண்டிய மணல்.

'நூறாண்டு அலை' என்ற சொல்லும் நம்மை ஏமாற்றுகிறது. நூறாண்டுக்கு ஒருமுறைதான் வருமென்று பொருளன்று. ஒவ்வோர் ஆண்டிலும் நூற்றில் ஒரு வாய்ப்பு என்றே பொருள். ஐம்பது ஆண்டு நிற்க வேண்டிய சுவர் தன் வாழ்நாளில் அதைச் சந்திக்கும் வாய்ப்பு ஏறத்தாழ 40 விழுக்காடு. அதனால் சில அலைகள் சுவரைத் தாண்டும் என்று ஒப்புக்கொண்டே வடிவமைக்க வேண்டும். தாண்டிய நீர் வெளியேறவும் வழி வேண்டும். வடிகால் வாய் கடல் மட்டத்துக்குக் கீழே போய்விட்டால் மழைநீரும் அலைநீரும் ஊருக்குள்ளேயே தங்கும். 2021 நவம்பரில் நம் கோட்டை அகழி நிறைந்து, உள்ளே இருக்கும் ஜலகண்டேசுவரர் கோயிலுக்குள் நீர் நின்றதைப் பார்த்தவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

நெதர்லாந்தில் 2011இல் 2.15 கோடி கன மீட்டர் மணலைக் கடலடியிலிருந்து எடுத்து ஒரே இடத்தில் கரையோரம் கொட்டினார்கள். காற்றும் அலையும் அதைக் கரை நெடுகப் பரப்பட்டும் என்று விட்டுவிட்டார்கள். நாம் விலை கொடுத்துக் கொட்ட வேண்டாத மணல் ஒன்று இருந்தது. நந்தி மலையில் பிறந்து 348 கிலோமீட்டர் ஓடும் பாலாறு, அதில் 222 கிலோமீட்டரைத் தமிழ்நாட்டில் கடந்து வயலூர் அருகே கடலில் சேர்கிறது. வெள்ளக் காலத்தில் அது கொண்டுசேர்க்கும் மணல் வடக்கே கல்பாக்கம், சதுரங்கப்பட்டினம் என்று நகரும். அந்த மணலை நாம் லாரி லாரியாக ஆற்றிலேயே அள்ளி வீடு கட்டிவிட்டோம். இந்த மண்டபத்தின் பூச்சிலும் அது இருக்கக்கூடும். ஆகவே அந்தக் கரைக்கு அலைத் தடுப்பு வரையும் பொறியாளரிடம் நான் கேட்பது ஒன்றுதான். அளவைக் கோலை வயலூரில் முதன்முதலாக ஊன்ற வேண்டாம். வாணியம்பாடிக்கு மேலே தொடங்கி, ஆம்பூர், வேலூர், ஆற்காடு என்று ஒவ்வொரு பாலத்தடியிலும் ஆற்றுப் படுகை எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று அளந்துகொண்டு கடலுக்கு வரட்டும்.